ஆறாவது ஆளுக்குக் கதவு திறக்காது

தன் மகள் வடிவின் கல்யாணத்தைப் பொன்னுரங்கம் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். பெண்ணைப் பெற்ற தகப்பன், போதாக்குறைக்கு அந்தக் கதவைத் தன் கையாலேயே பொருத்தியவர். என்ன செய்ய? பெண், மாப்பிள்ளை, தாலி எடுத்துக் கொடுக்க மாப்பிள்ளையின் தாய்மாமா, பதிவு எழுத ஓர் ஆள், பெண்ணின் அம்மா. ஐந்தாகிவிட்டது. தாய்மாமாவை வெளியே நிறுத்தினால் அந்த மனுஷன் ஆயுசுக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார் என்று பொன்னுரங்கமே ஒதுங்கிக்கொண்டார். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். சரியாகத் தாலி ஏறுகிற நேரத்தில் அவருடைய மூச்சே கண்ணாடியில் படிந்து மறைத்துவிட்டது. துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தால் மூன்று முடிச்சும் விழுந்து, உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அது நடந்து ஏழு வருஷம், பூமிக் கணக்கில்.

ஊரின் பேர் தேரி. செவ்வாயில் முதலில் வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள். வெளியே எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியமட்டும் சிவப்பு மணல். "அட, நம்ம தேரிக்காடுல்லா! பனைதான் இல்ல" என்று யாரோ சொல்ல, பேர் ஒட்டிக்கொண்டது. மொத்தம் நானூற்றுச் சொச்சம் தலை. ஆனாலும் தனி நாடு. கொடி உண்டு, பேரவை உண்டு, நிர்வாகி உண்டு, நீதிபதி உண்டு, நாற்பத்திரண்டு பிரிவில் ஓர் அரசியல் சாசனமும் உண்டு.

அந்தச் சாசனத்தை வரைந்தவள் பொன்னுரங்கத்தின் மனைவி மங்கையர்க்கரசி. அவருக்கு அவள் வெறும் அரசி. பூமியில் வக்கீலாக இருந்தவள். உரிமை பறிபோனவன் வழக்குப் போட்டு, வாய்தா மேல் வாய்தா வாங்கி, தீர்ப்பு வருவதற்குள் அவனே போய்ச் சேர்ந்துவிடுவதைக் கண்ணால் கண்டு வெறுத்தவள். தேரியில் அந்தக் கதை வேண்டாம் என்று எல்லோருமாக ஒரு முடிவெடுத்தார்கள். சாசனத்தைப் புத்தகத்தில் வைக்காமல் ஓர் இயந்திரத்துக்குள் வைத்தார்கள். காற்று, தண்ணீர், வெளிச்சம், மருந்து, கதவு எல்லாம் அதன் பொறுப்பு. சாசனத்துக்கு விரோதமாக எந்தக் கொம்பன் உத்தரவு போட்டாலும் அது நடக்காது. ஒரு வீட்டுக் காற்றை நிறுத்து என்று நிர்வாகியே சொன்னாலும் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். இயந்திரத்துக்குக் காப்பு என்று பேர் வைத்தார்கள். அதைத் திறந்து மாற்ற மூன்று சாவிகள் இருந்தன. பேரவைக்கு ஒன்று, நிர்வாகிக்கு ஒன்று, நீதிபதிக்கு ஒன்று. எதற்கு இந்தச் சபலம் என்று மூன்றையும் உருக்கி, பேரவை மண்டபத்துக்கு ஒரு மணி வார்த்துவிட்டார்கள். இனிமேல் பேரவை கூடிச் சொன்னால்தான் காப்பு ஓர் எழுத்தையும் மாற்றும். அன்றைக்கு ஊரே பாயசம் குடித்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஊரை மூடிக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் குமிழ்களில் மூன்றாவது விரிசல் விட்டுக் காற்று போனது. இருபத்திரண்டு பேர் செத்தார்கள். நிர்வாகி திருமாறன் அந்தக் கணமே நெருக்கடி நிலை அறிவித்தான், அதில் தப்பே இல்லை. நெருக்கடியில் ஓர் அறையில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. அவ்வளவு பேருக்குத்தான் அவசரக் காற்று தாங்கும். விளைவதிலும் செய்வதிலும் பாதி ஒதுக்குக் கிடங்குக்குப் போய்விடும். சட்டம் போடும் அதிகாரம், நடத்தும் அதிகாரம், தண்டிக்கும் அதிகாரம் மூன்றும் நிர்வாகி கையில். எல்லாம் பேரவை கூடி 'போதும்' என்று சொல்கிற வரைக்கும். நாற்பதே நாளில் குமிழைச் சரிபண்ணிவிட்டார்கள். பேரவை கூடப் போனது. ஐந்து பேர் உள்ளே நுழைந்ததும், ஆறாவது ஆளுக்கு மண்டபக் கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நெருக்கடி முடிய வேண்டுமானால் பேரவை கூட வேண்டும். பேரவை கூட வேண்டுமானால் நெருக்கடி முடிய வேண்டும். திரையில் பார்த்துப் பேசி முடிக்கவும் வழியில்லை. ஒரே கூரைக்குக் கீழே முகத்துக்கு முகம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அரசி ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்தாள். நீதிபதியிடம் போனார்கள். எழுதியிருப்பதற்கு அர்த்தம் சொல்லத்தான் தன்னால் முடியும், எழுத்தையே மாற்றப் பேரவையால்தான் முடியும் என்று அவர் கையை விரித்துவிட்டார். மண்டபத்தில் மணி தொங்கியது. சாவி இல்லை.

இப்போது அரசி மருத்துவமனையில் கிடந்தாள்.

மருத்துவமனை என்றால் நான்கு சின்ன அறையில் நான்கு கட்டில், ஒரு டாக்டர். நோய், தேரியில் எல்லோரும் பயப்படுகிற செம்புழுதி நோய். எத்தனை கதவு போட்டாலும் அந்த மாவுப் புழுதி உள்ளே வந்து நெஞ்சில் படிந்துவிடும். டாக்டர் பிரிசில்லா பொன்னுரங்கத்தைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. நாலு நாள். மிஞ்சிப் போனா ஒரு வாரம்."

"மருந்துதான் ஏறிக்கிட்டே இருக்கே, டாக்டரம்மா?"

"பாதி அளவு ஏறுது. செய்யுத மருந்துல பாதிதான் என் கைக்கு வருது. பாதி மருந்து நோயைத் தள்ளிப் போடும், தீக்காது." அவள் குரல் எரிச்சலாக இருந்தது. யார் மேல் எரிச்சல் என்று பொன்னுரங்கத்துக்குப் புரியவில்லை. "போங்க, அக்கா கூப்பிடுதாவ."

அரசி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக ஆகியிருந்தாலும் கண் மட்டும் பழைய கோர்ட்டுக் கண்.

"இப்படி உக்காருங்க. உங்களுக்கு ஒரு சோலி வச்சிருக்கேன். நாப்பதாம் பிரிவுல ஆறாவது வரி ஞாபகம் இருக்கா?"

"ஒரு கதவுக்கு எத்தனை போல்ட்டுன்னு கேளு, சொல்லுதேன். பிரிவு, வரியெல்லாம் என்கிட்ட ஏன் கேக்க?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. பொன்னுரங்கம் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"சாகக் கிடக்குதவங்களைப் பாக்க வாறவங்களுக்கு அந்த அஞ்சு பேர் கணக்கு கிடையாது. அரை மணி நேரம், எத்தனை பேர் வேணும்னாலும் வரலாம். அம்மா சாகும்போது பிள்ளைங்கள்ல யார் வெளிய நிக்கதுன்னு ஒரு சண்டை வரப்பிடாதுல்லா? அதுக்காக எழுதினேன்."

"இப்ப என்னத்துக்கு அது?"

"பேரவையில பதினோரு பேர் இருந்தோம். நாலு பேர் போயாச்சு. மீதி ஏழு, நிர்வாகி மாறனையும் சேத்து. ஏழு பேர் ஒரே கூரைக்குக் கீழ இருந்து, ஏழு குரலும் கேட்டாத்தான் அது பேரவை. எந்தக் கூரைன்னு நான் எழுதல. இந்த ஆஸ்பத்திரிக் கூரையும் கூரைதானே?"

அவள் எங்கே வருகிறாள் என்று பொன்னுரங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

"நானும் போயிட்டா ஆறு. ஆறு பேர் பேரவை ஆகாது. புதுசாத் தேர்தல் வைக்கணும்னாலும் பேரவைதான் சொல்லணும். அப்புறம் இந்த ஊருக்கு விடிவே கிடையாதுங்க. அதனால, நான் சாகப் போறேன்னு எழுதிக் குடுங்க. டாக்டர் சொல்லணும், புருஷன் கையெழுத்துப் போடணும். சட்டம் அப்படி. இதுக்கு முன்னால செத்தவங்க வீட்டுல ஒருத்தருக்கும் அதுல கையெழுத்துப் போட மனசு வரல."

"ஏன், யாராவது நடிச்சாப் போதாதா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால சமையல்கூடத்துச் சுடலைமுத்து அண்ணன் படுத்துக் கண்ணை மூடிப் பாத்தாரு. காப்பு நாடி பாத்துட்டு, 'எழுந்து வேலைக்குச் செல்லவும்'னுட்டு."

வேறு சமயமாக இருந்தால் பொன்னுரங்கம் சிரித்திருப்பார். "சரி, கையெழுத்துப் போட்டா மருந்து என்ன ஆகும்?"

அரசி போர்வையின் ஓரத்தை மடித்தாள். "நின்னுரும். அடுத்த கட்டில்காரிக்குப் போயிரும். அரை நாள் தெளிவா இருப்பேனாம். அரை நாள் போதும்."

"போதுமா? யாருக்குப் போதும்?" பொன்னுரங்கம் எழுந்துவிட்டார். "உன் சாசனத்தை நீயே வச்சுக்கோ. நாலு நாளோ ஒரு வாரமோ, எனக்கு அதுல ஒரு நிமிஷத்தையும் விட்டுக் குடுக்க மனசில்ல. என்னால முடியாதுட்டி."

"நான் செஞ்ச தப்புங்க அது."

"உலகத்துல யாரு தப்பு செய்யல?"

"தப்பு செஞ்சவங்க செத்துப் போவாங்க, தப்பும் கூடவே போகும். என் தப்பை அந்த இயந்திரம் காவல் காத்துக்கிட்டு நிக்குதே. ஆயிரம் வருஷம் ஆனாலும் காக்கும். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வெளிய நின்னீங்கள்ல? நான் உள்ள நின்னுக்கிட்டு உங்க மூக்கைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தக் கதவை மூடினது நான்."

அவள் சுவரைக் காட்டினாள். அங்கே வடிவின் மகள் வரைந்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றி அரசி அந்தக் குழந்தைக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். மேளம், பொங்கல், ராட்டினம், ஆயிரக்கணக்கில் சனம். குழந்தை எல்லாவற்றையும் அழகாக வரைந்திருந்தது. சனம் என்ற இடத்தில் ஐந்து பேர் நின்றார்கள்.

"ஆறாவது ஆளை அதுக்கு வரையத் தெரியல" என்றாள் அரசி.

பொன்னுரங்கம் வெளியே வந்து நடந்தார். கால் போன போக்கில் நடந்தாலும், வழக்கமான பாதையில்தான் கால் போனது. கிடங்கைத் தாண்டி, பம்ப் அறையைத் தாண்டி. கிடங்குக் கதவின் கீலுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அவர்தான் மசகு போடுவார், வெளியே நின்றபடி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கிடங்கு இருப்பதே மறந்துவிட்டது. கால் போய் நின்றது நிர்வாகியின் அறை வாசலில்.

திருமாறனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அரசியை அக்கா என்று கூப்பிட்டு, அவள் கையால் நிறையச் சோறு தின்றவன். பதினோரு வருஷமாக அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதிகாரம் ஆளைக் கெடுத்துவிட்டது என்று ஊர் சொல்லியது. முழுக்கப் பொய்யில்லை. லூர்து என்கிற பம்ப் அறைக்காரரின் தம்பி, நடைபாதையில் நின்று 'எங்கள் பேரவையைக் கொடு' என்று கத்தினான் என்பதற்காக, ஆறு வருஷமாக ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான்.

"அக்கா எப்படி இருக்காவ, அண்ணாச்சி?" என்றான். எழுந்து நின்றுதான் கேட்டான்.

பொன்னுரங்கம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லத் திருமாறனின் முகம் வெளுத்தது.

"நான் வரலைன்னா பேரவை கிடையாது, இல்லியா?"

"ஆமா. நீ எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் பரவாயில்லையாம். வந்து நில்லுன்னு சொல்லச் சொன்னா."

"நெருக்கடி முடிஞ்ச மறு நிமிஷம் நீதிபதிக்கு அதிகாரம் திரும்பிரும். பதினோரு வருஷமா நான் போட்ட ஒவ்வொரு உத்தரவையும் எடுத்து ஏன்னு கேப்பாரு. லூர்து தம்பி விஷயத்துக்கு என்கிட்ட என்ன பதில் இருக்கு? பயந்து போயிட்டேன்னு சொல்லவா? இன்னொரு குமிழ் விரிசல் விட்டா இருபத்திரண்டு பேரோட போகாதேன்னு ஒவ்வொரு நாளும் பயந்துதான் கிடந்தேன். பயந்தவன் கையில மூணு அதிகாரத்தையும் குடுத்தா வேற என்ன செய்வான், அண்ணாச்சி?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது, மாறா. எனக்கு என் பொண்டாட்டி வேணும். அவளுக்கு இந்தக் கதவு தொறக்கணும். ரெண்டும் நடக்காது போலிருக்கு." சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதும்விட்டார்.

திருமாறன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டார். பேரை எழுதி முடிக்க அவ்வளவு நேரம் அவருக்கு எப்போதுமே ஆனதில்லை. காப்பு டாக்டரைக் கேட்டது. சுவரிலிருந்து வருகிற அந்தக் குரலில் கோபமும் கிடையாது, தயவும் கிடையாது.

"மருத்துவரே, நோயாளி பிழைக்க வழி உண்டா?"

பிரிசில்லா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "என் கையில் இருக்கும் மருந்தைக் கொண்டு வழியில்லை."

"பதிவு செய்யப்பட்டது. மருந்து நிறுத்தப்படுகிறது."

மருந்துக் குழாயில் சொட்டு நின்றது. பிரிசில்லா குழாயைக் கழற்றினாள். அரசியின் கையில் குத்தியிருந்த ஊசியை மட்டும் எடுக்கவில்லை.

"அதையும் எடுத்திருங்களேன். அவளுக்கு வலிக்கும்" என்றார் பொன்னுரங்கம்.

"இருக்கட்டும். அப்புறம் எடுத்துக்கிடலாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இந்த நேரத்தில் கூட ஓர் இதமான வார்த்தை வருகிறதா பார் என்று பொன்னுரங்கம் மனசுக்குள் வைதார்.

இரண்டு மணி நேரம் அவர்கள் இருவரும் தனியே இருந்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வடிவுக்கு எந்தப் பாத்திரம், எந்தச் சேலை என்று அவள் சொன்னாள். ராத்திரி பல் தேய்க்க மறக்கக் கூடாது என்றாள். அவளுக்குத் தலை பின்னிவிட வேண்டும்போல அவருக்கு இருந்தது. பின்னத் தெரியாமல் பின்னிவிட்டார். "போல்ட்டு முடுக்குத மாதிரி இழுக்கீங்களே" என்று அவள் திட்டினாள். அந்தத் திட்டு அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. "இறுதி விடைக்கான அரை மணி நேரம் தொடங்குகிறது" என்றது காப்பு.

லூர்து வந்தார். பள்ளிக்கூடத்து ஆயிஷா டீச்சர், சுடலைமுத்து, இன்னும் இரண்டு பேர். பொன்னுரங்கம், டாக்டர், அரசியோடு சேர்த்து எட்டு. எட்டுப் பேர்! ஆயிஷா டீச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் அறைக்குள் அத்தனை முகத்தைப் பார்த்துப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. யார் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

பேரவை உறுப்பினர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஏழாவது ஆளைக் காணோம்.

பத்து நிமிஷம் போனது. பதினைந்து. அரசிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. "வருவான்" என்றாள். லூர்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம். "அவன் வரமாட்டான், தாயி. வந்தா அவன் கழுத்துக்கு அவனே கயிறு மாட்டின மாதிரில்லா?" என்றார் சுடலைமுத்து. பொன்னுரங்கத்துக்கு அந்த நிமிஷம் திருமாறனைக் கழுத்தை நெரித்துக் கொல்லலாம்போல இருந்தது. இருந்த நாலு நாளையும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அதுவும் வீணா?

இருபத்து நாலாவது நிமிஷம் கதவு திறந்தது. திருமாறன் வாசலிலேயே நின்றான். உள்ளே இடமில்லை. பிறகு லூர்து, ஆறு வருஷமாகத் தம்பியைப் பார்க்காத லூர்து, ஓரடி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"ஏழு உறுப்பினர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள்" என்றது காப்பு. "பேரவை கூடியுள்ளது. முன்மொழிவு என்ன?"

"நெருக்கடி நிலையை முடிக்கணும்" என்றார் ஆயிஷா டீச்சர்.

வயதில் இளையவர் முதலில் சொல்ல வேண்டும் என்பது பேரவை வழக்கம். பெரியவர்கள் வாயைப் பார்த்துச் சின்னவர்கள் தலையாட்டக் கூடாது என்று அரசி வைத்த வழக்கம். அங்கே இளையவன் திருமாறன். அவன் அரசியைப் பார்த்தான். "சம்மதம்" என்றான். அடுத்தடுத்து ஐந்து சம்மதம் கேட்டது. மிச்சம் அரசி.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"உறுப்பினர் மங்கையர்க்கரசியின் குரல் கேட்கவில்லை. இரண்டு நிமிடங்கள் உள்ளன."

"தலையாட்டுதாவளே, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார் சுடலைமுத்து.

"ஏழு குரல்களும் கேட்க வேண்டும்."

பொன்னுரங்கம் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். "அரசி, இங்க பாரு. முப்பத்திநாலு வருஷமா என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கியா நீ? வாய் ஓயாமப் பேசுவியே, இப்ப ஒரே ஒரு வார்த்தை கேக்கேன், அதைச் சொல்லக் கஞ்சத்தனம் பண்ணுதியே. சொல்லுட்டி. எனக்காகச் சொல்லு. அந்தக் கதவைத் தொற."

அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. மூச்சை எங்கிருந்தோ சேர்த்து இழுத்தாள்.

"சம்மதம்."

சின்னக் குரல்தான். ஆனால் அது கேட்டது.

"நெருக்கடி நிலை முடிந்தது" என்றது காப்பு, வழக்கமான அதே குரலில். "பிரிவு மூன்று முதல் பன்னிரண்டு வரை மீண்டும் நடப்புக்கு வருகின்றன. பிரிவு மூன்று, கூடும் உரிமை. கதவுகள் திறக்கப்படுகின்றன. பிரிவு நான்கு, உயிர் வாழும் உரிமை. தேரியில் மருந்து இருக்கும்வரை எவருக்கும் மருந்து மறுக்கப்படாது. ஒதுக்குக் கிடங்கு திறக்கப்படுகிறது. நோயாளி மங்கையர்க்கரசியின் இறுதிச் சான்றிதழ் ரத்து செய்யப்படுகிறது."

காப்பு சொல்லி முடிப்பதற்குள் பிரிசில்லா அறையில் இல்லை. 'கிடங்கு' என்ற சொல்லுக்கே ஓடியிருந்தாள். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் மருந்துப் பெட்டி, மூச்சு வாங்கியது, கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயைக் கொண்டுவந்து, எடுக்காமல் விட்டிருந்த அந்த ஊசியில் பொருத்தினாள்.

"முழு அளவு" என்றாள். "பதினோரு வருஷத்துல முதல் தடவையா முழு அளவு, அண்ணாச்சி. கிடங்குக் குளிர்ல ஒண்ணும் கெடல. தீந்திரும். அக்கா தேறிருவாவ."

பொன்னுரங்கத்துக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. "உனக்குத் தெரியுமா? நேத்தே தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"எப்படிச் சொல்ல? சுவத்துக்கெல்லாம் காதுல்லா. பிழைக்க வழி இருக்குன்னு என் வாயில வந்திருந்தா அந்தச் சான்றிதழே செல்லாது. நான் பொய்யும் சொல்லல. என் கையில இருந்த மருந்தால வழி இல்லதான்." சொல்லிவிட்டு அவர் தோளில் தலையை வைத்து அழுதாள். பொன்னுரங்கம் மனசுக்குள் வைததற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

வெளியே யாரோ மண்டபத்து மணியை அடித்தார்கள். பிறகு அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

சந்தோஷம் மட்டும்தான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கிடங்கில் அறுநூறு பேருக்குப் போதுமான மருந்து அடுக்கியிருந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் செம்புழுதி நோயில் செத்தவர்கள் பதினாலு பேர். அவர்களுடைய சனம் கிடங்கு வாசலில் வந்து நின்று, அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். லூர்து தன் தம்பியைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். திருமாறன் தானாகவே நீதிபதியிடம் போய், தன்னை விசாரிக்கச் சொன்னான்.

இருபத்தைந்தாம் நாள் அரசி எழுந்து நடந்தாள். முதல் வேலையாக நாற்பதாம் பிரிவைத் திருத்த எழுதிக் கொடுத்தாள். நெருக்கடி நாற்பது நாளில் தானாகவே முடிய வேண்டும், அதற்கு எவருடைய சம்மதமும் வேண்டாம் என்று. இரண்டாவதாக நீதிபதிக்கு ஒரு கடிதம். விசாரிக்க வேண்டியவர்கள் பட்டியலில் திருமாறன் பேருக்கு மேலே தன் பேரை எழுதச் சொல்லி.

"உனக்கு என்ன கிறுக்கா?" என்றார் பொன்னுரங்கம்.

"அந்தப் பதினாலு பேர் மருந்து அந்தப் பூட்டுக்குள்ளல்லா கிடந்தது? பூட்டை எழுதினது நான். அவனை மட்டும் நிறுத்துனா நியாயமா?"

நியாயம்தான். தன் பெண்டாட்டியை நினைத்து அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் வடிவு ஓர் ஏற்பாடு செய்தாள். ஏழு வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்த தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கு. கல்யாணம் நடந்த அதே அறை. "அப்பா இந்தத் தடவை பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பொன்னுரங்கம் வாசலில் நின்று வாங்க வாங்க என்று வரவேற்றார். வடிவு, மாப்பிள்ளை, அந்தத் தாய்மாமா, ஆயிஷா டீச்சர், அரசி. அதற்குப் பின்னால் சுடலைமுத்து ஒரு தட்டோடு வந்தார். பொன்னுரங்கம் தன்னை அறியாமல் வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். அது எப்படி நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கால் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே பேச்சு நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அரசி மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, நடந்து வந்து கதவைத் தள்ளினாள். திறந்தது.

"ஏங்க, அங்க என்ன செய்யுதீங்க? ஆறு பேர் உள்ள நிக்கோம். உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். வாங்க."

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.